சத்தக்கடை இமெல்டா

மன்னார்க் கடற்கரை ஊரான வங்காலையில் இமெல்டாவைத் தெரியாதவர் இல்லை. ஆனால் அவள் செய்யும் தொழிலுக்கு என்ன பெயர் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். வானொலி வேலை என்பார் ஒருவர். படத்துக்கு இசை போடுகிறாள் என்பார் இன்னொருவர். எங்கள் ஒழுங்கையில் அவள் வீட்டுக்குச் சத்தக்கடை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தொழில் தொடங்குகிறவர்கள் பெயர்ப்பலகைக்கு அலைவார்கள். அவளுக்கு அதை ஊர் இனாமாகக் கொடுத்தது.

இமெல்டா சினிமாவில் நடந்தவள். நடித்தவள் இல்லை, நடந்தவள்.

தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் அவளுடைய குடும்பம் வள்ளமேறி இராமேஸ்வரம் போய் இறங்கியபோது அவள் சின்னப் பிள்ளை. மண்டபம் முகாமில் சில காலம், பிறகு சென்னைக்கு வடக்கே கும்மிடிப்பூண்டி முகாம். அங்கே வளர்ந்து, படிப்பு நின்றதும், வடபழனியில் ஓர் ஒலிப்பதிவுக்கூடத்தில் கூட்டித் துடைக்கும் வேலைக்குப் போனாள். படங்களில் கதாநாயகி நடந்து வருவாள். ஆனால் படம் பிடிக்கும்போது அவளுடைய காலடிச் சத்தம் ஒழுங்காகப் பதிவாகாது. பிறகு ஒரு மூடிய அறையில், திரையில் ஓடும் படத்தைப் பார்த்தபடி வேறொருத்தி அதே நடையை நடந்து அந்தச் சத்தத்தைச் சேர்க்க வேண்டும். அந்த வேறொருத்தி ஒருநாள் காய்ச்சலில் வரவில்லை.

"ஏம்மா, தொடப்பத்த வச்சிட்டு இந்தக் கொலுச மாட்டிக்கிட்டு கொஞ்சம் நட" என்றார் ஒலிப்பதிவாளர்.

இமெல்டா நடந்தாள். திரையில் இருந்தவள் மாடிப்படியில் இறங்கினாள். இமெல்டா ஒரு மரப்பெட்டிமேல் ஏறி இறங்கினாள். அவள் தயங்கிய இடத்தில் இவளுடைய குதிக்காலும் தயங்கியது.

"நாளைக்கும் வா. தொடப்பம் வேணாம்" என்றார் அவர்.

அதன் பிறகு எத்தனையோ நாயகிகளுக்காக அவள் நடந்தாள். மணலில் ஓடினாள், ஈரத் தரையில் வழுக்கினாள், கல்யாணத்தன்று காலையில் வீட்டைவிட்டு ஓசைப்படாமல் வெளியேறினாள். சண்டைக்காட்சியில் எலும்பு முறிய வேண்டுமென்றால் முருங்கைக்காயை முறித்தாள். புறாக்கூட்டம் எழும்ப வேண்டுமென்றால் இரண்டு குடைகளைப் படபடவென்று திறந்து மூடினாள். படம் முடிந்து ஓடுகிற பெயர்களில் அவளுடைய பெயர் ஒருநாளும் வந்ததில்லை. முகாமுக்குத் திரும்பும் ரயிலில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தன்னுடைய கால்கள் மட்டும் எங்கெங்கோ தியேட்டர்களில் நடந்துகொண்டிருப்பதாக அப்போது அவளுக்குத் தோன்றுமாம்.

போர் முடிந்த பிறகு அவளும் கணவன் சுஜீவனும் ஊர் திரும்பினார்கள். சுஜீவனும் வங்காலைக்காரன்தான். முகாமில் கண்டு கல்யாணம் முடித்தவன், தச்சு வேலை தெரிந்தவன். வந்து பார்த்தால் வீட்டில் வாசல் நிலையும் அதைப் பிடித்து நின்ற இரண்டு சுவர்களும் மிச்சம். மற்றவர்களைப் போல அவர்களும் நிவாரணத்தில் கிடைத்த தகரத்தைக் கூரையாகப் போட்டுக் குடியேறினார்கள்.

தென்மேற்கிலிருந்து சோளகம் பெயர்ந்தது. அந்தக் காற்றில் ஊரிலிருந்த எல்லாத் தகரங்களும் ஒன்றாக முனகத் தொடங்கின. மத்தியானத்தில் பாயில் கிடந்தபடி இமெல்டா அதைக் கேட்பாள். இது லூசியாக்கா வீட்டுத் தகரம், ஆணி ஒன்று தளர்ந்திருக்கிறது. இது பாடசாலைக் கொட்டில். இது கடைசி வீடு, அங்கே கூரையின்மேல் வலை போட்டிருக்கிறார்கள், அதனால் அடங்கிக் கேட்கிறது. ஊரை அவள் கண்ணால் பார்த்து அறிந்துகொள்வதற்கு முன்னம் காதால் அறிந்துகொண்டாள்.

வாழ்வாதார உதவிக்காகப் பெயர் எடுக்க வந்தவர் பிரதேச செயலகத்து அபிவிருத்தி உத்தியோகத்தர் சாஹுல் ஹமீட். சிலாவத்துறைக்காரர். அவரும் அதே தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு, புத்தளம் பக்கம் வளர்ந்து, திரும்பி வந்தவர்.

"தங்கச்சி, என்ன தொழில் தெரியும்?" என்று கேட்டார்.

"சத்தம் போடத் தெரியும் சேர்."

"அதுக்கு எங்கட வீட்டிலயும் ஒராள் இருக்கிறா" என்று சிரித்தார் ஹமீட்.

பிறகு அவள் விளங்கப்படுத்தியபோது கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். நிறையக் கேட்டார். குதிரைக்கு என்ன செய்வீங்கள், மழைக்கு என்ன, பாம்புக்கு என்ன. பாம்புக்குச் சத்தமே இல்லை, ஆனால் படத்தில் ஒன்று கொடுத்தே ஆக வேண்டும் என்று அவள் சொன்னாள். ஹமீட் அதைப் பெரிய ஞானம் போலத் தலையாட்டிக் கேட்டார். கடைசியில் பெருமூச்சு விட்டார்.

"ஆனா எனக்கு மேல இருந்து தந்தது தையல், கோழி வளர்ப்பு, பனையோலை, சிகை அலங்காரம், சின்னக் கடை. இதுக்குள்ள உங்கட தொழில் இல்லை தங்கச்சி. எதையாவது சொல்லுங்கோ, இல்லாட்டி ஒண்டும் கிடைக்காமப் போயிடும்."

இப்படித்தான் ஊசியில் நூல் கோக்கவும் பொறுமையில்லாத இமெல்டாவுக்கு ஒரு தையல் மெசின் வந்து சேர்ந்தது.

அது ஒரு வருசம் மூலையில் கிடந்தது. பிறகு மன்னார் டவுனிலிருந்து டிலானி என்ற பிள்ளை வந்தாள். கடன் வாங்கிய கமெராவால் நண்பர்களோடு சேர்ந்து ஒரு குறும்படம் எடுத்திருந்தாள். ரயிலுக்குக் காத்திருக்கும் ஒருத்தியின் கதை. மன்னாருக்கு அப்போது ரயில் இல்லை. போர்க்காலத்தில் பிடுங்கிய தண்டவாளம் திரும்பப் போடப்படாத காலம். ஹமீட்தான் இமெல்டாவைப் பற்றிச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"அக்கா, இன்டர்நெட்டில ரயில் சத்தம் எடுத்துப் போட்டுப் பாத்தன். அது வெள்ளைக்காரன்ர ரயில். எங்கட சனம் ஏறாது" என்றாள் டிலானி.

இமெல்டா மூலையைப் பார்த்தாள். மெசினை நடு அறைக்கு இழுத்தாள். காலால் மிதித்து, சக்கரத்தைச் சுழலவிட்டு, அதன் இரும்புக் காலடியில் சிப்பி நிரம்பிய ஒரு தகரப்பேணியை வைத்தாள். சுஜீவனின் மரமறுக்கும் வாள் தகட்டை வளைத்து வளைத்து விட்டாள். முதலில் அது தையல் மெசினாகவே கேட்டது. மிதியை அவள் மெல்ல மெல்லத் தளர்த்தினாள். தூரத்தில், மடு ரோட்டுக் காட்டுக்குள் இருந்து, ஏதோ கனமான ஒன்று வந்துகொண்டிருந்தது. கண்ணை மூடியிருந்த டிலானி சுவரோரம் ஒதுங்கி நின்றாள்.

அந்தப் படத்தைத் தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் போட்டார்கள். நானும் போயிருந்தேன். ரயில் வந்து நிற்கும் சத்தம் கேட்டபோது முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பெயர்கள் ஓடின. 'ஒலி: இமெல்டா, வங்காலை' என்று வந்தது. சுஜீவன் கைதட்டினான். இமெல்டா எழுந்து வெளியே போய், மண்டபத்துக்குப் பின்னால் நின்று முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

அதற்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வேலை வந்தது. மட்டக்களப்பிலிருந்து ஒரு வானொலி நாடகம் வந்தது. சிலாவத்துறையிலிருந்து சிறுவர் கதைகளை ஒலிவடிவில் செய்யும் அஸீபா என்ற பெண் வந்தாள். காற்றுத்தான் கரைச்சல். சோளகக் காலத்தில் எதைப் பதிந்தாலும் பின்னால் தகரம் முனகும். சுஜீவன் கொல்லைப்புறத்தில் ஓர் அறை கட்டினான். இரட்டைச் சுவர், நடுவில் தென்னந்தும்பும் பழைய வலையும். கதவைச் சாத்தினால் தன் இரத்தம் ஓடுவது தனக்கே கேட்கும் என்பாள் இமெல்டா.

அந்த அறைக்கு எதிர்பாராத ஒரு ஆள் வரத் தொடங்கினார். பக்கத்து வீட்டு லூசியா.

"பிள்ளை, வேலை இல்லாத நேரம் உதுக்குள்ள கொஞ்சம் இருக்க விடுறியே? சண்டை முடிஞ்சிட்டுது எண்டுறாங்கள். என்ர காதுக்குள்ள முடியேல்ல."

மத்தியானங்களில் லூசியா தலையணையோடு வந்து அந்த அறையில் படுத்துத் தூங்குவார். கதவுக்கு வெளியே இமெல்டா மரக்கறி வெட்டிக்கொண்டிருப்பாள். உள்ளே இருப்பவர் எழும்பிவிடக் கூடாதென்று கத்தியைப் பலகையில் படாமல் தூக்கித் தூக்கி வெட்டுவாள்.

இப்படி இருக்கையில்தான் மன்னார் கச்சேரியில், மாவட்டச் செயலகத்தில், ஒரு கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. கொழும்பில் ஓர் அமைச்சிலிருந்து றஞ்சிதம் என்ற அதிகாரி வந்திருந்தார். திருகோணமலையைச் சொந்த ஊராகக் கொண்டவர். நெடிய பயணத்தில் வந்த களைப்பு முகத்தில் இருந்தாலும் எல்லோருடைய பெயரையும் கேட்டு, அந்தப் பெயரால் கூப்பிட்டுப் பேசினார். கலை, வடிவமைப்பு, படம், இசை, கைவினை என்று கற்பனையிலிருந்து பிறக்கிற தொழில்களையெல்லாம் சேர்த்துப் படைப்புப் பொருளாதாரம் என்கிறார்கள், அதில் புதிதாகக் கால்வைக்கிற சின்ன முயற்சிகளுக்கு அரசாங்கம் எதை முதலில் செய்ய வேண்டும், எதை அடுத்ததாகச் செய்ய வேண்டும் என்று ஒரு வரைவு எழுதுகிறோம் என்றார். வரைவில் முதலாவது கடன். இரண்டாவது பயிற்சி. மூன்றாவது ஏற்றுமதிக் கண்காட்சி.

வந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். பனையோலைக்காரர்கள் சந்தை கேட்டார்கள். கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவர் கமெராவுக்கு வரி குறைக்கச் சொன்னார். டிலானி, எடுத்த படத்தைப் போட்டுக்காட்ட ஒரு மண்டபம் வேண்டும் என்றாள். இமெல்டாவின் முறை வந்தது.

"எனக்கு அமைதி வேணும் மிஸ்."

மண்டபம் சிரித்தது. றஞ்சிதம் சிரிக்கவில்லை.

"எப்படியான அமைதி?"

இமெல்டா தன் அறையைப் பற்றிச் சொன்னாள். அது ஒரு ஆளுக்கே காணாது. அஸீபாவும் டிலானியும் மற்றவர்களும் வந்து பாவிக்கக்கூடிய, சத்தம் புகாத ஒரு பொது அறையை அரசாங்கம் கட்டித் தந்தால் நல்லது என்றாள்.

"இமெல்டா, நான் ஒண்டு கேக்கட்டா? குறை நினையாதேங்கோ" என்றார் றஞ்சிதம். "இந்த மாவட்டத்தில மட்டும் எத்தினை கட்டடம் கட்டித் திறப்பு விழாவும் வைச்சுப் பூட்டிக் கிடக்குது எண்டு எனக்குத் தெரியும். வேலை இல்லாத அறையும் அப்படித்தான் பூட்டிக் கிடக்கும். பேந்து அதுக்குள்ள ஆடுதான் படுக்கும்."

இமெல்டா தலையாட்டினாள். அவர் சொன்னது உண்மை. வரும் வழியில் அப்படி ஒரு கட்டடத்தை அவளே பார்த்திருந்தாள். வாசலில் ஆடுதான் படுத்திருந்தது.

"சரி, இதைச் சொல்லுங்கோ" என்று றஞ்சிதம் தொடர்ந்தார். "நீங்கள் தொழில் துவங்கின நாள் எது? மெசின் தந்த நாளா?"

"இல்லை மிஸ். அது சும்மா கிடந்தது."

"அறை கட்டின நாளா?"

"அதுவும் இல்லை." இமெல்டா யோசித்தாள். பிறகு திரும்பி டிலானியைக் கைகாட்டினாள். "இந்தப் பிள்ளை வந்து ரயில் கேட்ட நாள்."

றஞ்சிதம் பேனையைக் கீழே வைத்தார்.

"அப்ப உங்களுக்கு முதல் தேவைப்பட்டது காசில்ல. கேட்டு வாற ஒரு ஆள். அரசாங்கம் எத்தினை விவரணப்படம் எடுக்குது, எத்தினை கண்காட்சி வைக்குது. எல்லாம் கொழும்பில இருக்கிற பெரிய ஆக்களிட்டத்தான் போகுது. அதில ஒரு பங்கு அந்தந்த மாவட்டத்தில புதுசாத் துவங்கினவையிட்ட வரவேணும் எண்டு எழுதினா என்ன?"

"அப்படியெண்டா எனக்கும் வீடியோ வேலை வருமா?" என்று கல்யாண வீடியோக்காரர் எழும்பிக் கேட்டார். அதற்குப் பிறகு கூட்டம் கூட்டமாகவே இல்லை, எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பூட்டிக் கிடக்கிற கட்டடங்களைத் திறந்து கொடுத்தால் புதிதாகக் கட்டவே தேவையில்லை என்று ஹமீட் சொன்னார். கடற்கரையில் நின்று எதைப் பதிந்தாலும் படையினர் மறிக்கிறார்கள், அதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்று டிலானி சொன்னாள். றஞ்சிதம் எழுதிக்கொண்டே இருந்தார். வரைவில் அந்த வேலைப் பங்கு முதலாம் இடத்துக்கு ஏறியது, கடன் கடைசிக்குப் போனது.

வீடு திரும்பும் பஸ்ஸில் இமெல்டா யன்னலோரம் இருந்தாள். மன்னார்த் தீவைவிட்டுப் பாலத்தில் பஸ் ஏறியதும் இரண்டு பக்கமும் வெளிறிய தண்ணீர். அரசாங்கம் என்கிற ஒன்று உண்மையில் நடந்து வந்தால் அதற்கு என்ன சத்தம் கொடுப்பது என்று அவள் யோசித்தாள். சீமெந்துத் தரையில் சப்பாத்தா? அது முன்பே கேட்டுச் சலித்த சத்தம். வெறுங்காலா? அது பொய். வெகுநேரம் யோசித்த பிறகு, மணல் புகுந்த தோற்செருப்பு என்று முடிவு செய்தாள். ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் உறுத்தும், அடிக்கடி நின்று உதற வேண்டிவரும், ஆனாலும் வந்துகொண்டிருக்கும்.

அது நிறைய நின்று உதறியது. ஆட்சி மாறியது, அமைச்சு மாறியது, றஞ்சிதத்தையும் வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டதாகச் செய்தி வந்தது. இமெல்டா அதை மறந்துபோயிருந்த ஒரு காலையில் ஹமீட்டின் மோட்டார்சைக்கிள் ஒழுங்கையில் வந்து நின்றது. தலைக்கவசத்தைக் கழற்றாமலே உள்ளே வந்தார்.

"வந்திட்டுது தங்கச்சி, அல்ஹம்துலில்லாஹ்! றஞ்சிதம் மிஸ்ஸின்ர ஒழுங்கு முழுக்க இல்லை. ஆனா முதலாவது வந்திட்டுது. முத்துக்குளிப்பைப் பற்றி மன்னாரில ஒரு கண்காட்சி வைக்கப்போறாங்களாம். படம், சத்தம் எல்லாம் மாவட்டத்து ஆக்கள்தான் செய்ய வேணுமாம். சத்தம் நீங்கள். படம் டிலானி."

"முத்துக்குளிப்பா? அந்தச் சத்தத்தைக் கேட்ட ஆர் இருக்கினம் சேர்?"

"ஒருத்தரும் இல்லை" என்றார் ஹமீட் மகிழ்ச்சியாக. "அதாலதான் உங்களிட்ட வந்தனான்."

சிலாவத்துறைக்குப் பக்கத்து ஊரான அரிப்பின் கரைக்கு அவர்கள் மூன்று பேரும் போனார்கள். அந்தக் கரை முழுவதும் சிப்பி. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் முத்தெடுத்துவிட்டுக் கொட்டிய சிப்பி ஓடுகள் மணலோடு மணலாகக் கலந்து, வெயிலில் பாலாடை போல வெளுத்துக் கிடந்தன. காலை வைத்தால் நொறுங்கும். இடிந்த பழைய மாளிகையின் நிழலில் டிலானி கமெராவை வைத்தாள். இமெல்டா ஒலிவாங்கியை மெல்லிய றப்பர் உறையில் இறுகக் கட்டி, வயரோடு தண்ணீருக்குள் இறக்கி, காதில் கேட்பானைப் பொருத்தினாள்.

கடலுக்குள் பொரிந்தது.

எண்ணெய்ச் சட்டியில் கடுகு போட்டதுபோல, முடிவில்லாமல், அருகிலும் தூரத்திலும், படபடவென்று. இமெல்டா அசையாமல் நின்றாள். இந்தச் சத்தத்தை அவள் முன்பே கேட்டிருக்கிறாள். சின்னப் பிள்ளையாக வள்ளத்தின் அடிப்பலகையில் தாயின் மடிக்குக் கீழே காதை வைத்துப் படுத்துக் கடந்த அந்தக் கடலில், பலகைக்கு அந்தப்பக்கம் இதே பொரிவு கேட்டது. துப்பாக்கிச் சூடு தங்களைத் துரத்திக்கொண்டு தண்ணீருக்கு அடியாலும் வருகிறது என்று நினைத்து அவள் மூச்சை அடக்கிக் கிடந்தாள். இதை அவள் யாருக்கும் சொன்னதில்லை. சொல்லி விளங்கவைக்க அவளிடம் அந்தச் சத்தம் இருக்கவில்லை.

கேட்பானைக் கழற்றி ஹமீட்டிடம் கொடுத்தாள். "சேர், இது என்ன?"

அவர் கேட்டார். முகம் மலர்ந்தது. "இதுவா? கடலுக்கடியில கல்லுப் பாருக்குள்ள இருக்கிற ஒரு சின்ன இறால். ஒரு கை மட்டும் பெரிசா இருக்கும். அதைச் சொடுக்கும். எங்கட வாப்பா வள்ளத்தில படுத்துக்கொண்டு இதைக் கேட்டுத்தான் கீழ பார் இருக்கு எண்டு சொல்லுவார்."

"இறாலா?"

"இறால்தான்."

இமெல்டா சிப்பி மணலில் உட்கார்ந்தாள். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. இரண்டும் ஒன்றாக வந்தபோது டிலானி ஓடிவந்து தோளைப் பிடித்தாள். "அக்கா, என்னக்கா?" என்றாள். "இறாலடி" என்பதற்குமேல் அவளால் சொல்ல முடியவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கடற்படைச் சிப்பாய்கள் இரண்டு பேர் வந்தார்கள். கடலுக்குள் போகும் வயரைக் கண்டால் யார்தான் சும்மா இருப்பார்கள்? "மொகக்த மே?" என்று, இது என்னவென்று, சிங்களத்தில் கேட்டார் ஒருவர். ஹமீட் தன் சிங்களத்தில் விளங்கப்படுத்தினார். சிப்பாய் கேட்பானை வாங்கிக் காதில் வைத்தார். முகம் இளகியது. மற்றவரைக் கூப்பிட்டு அவர் காதிலும் வைத்தார். இருவரும் கடலைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார்கள். பிறகு கேட்பானைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மேலிடத்திலிருந்து சொல்லாமல் இங்கே எதுவும் பதியக் கூடாது என்று போகச் சொன்னார்கள். குரலில் கோபம் இல்லை. ஆனாலும் போகத்தான் வேண்டியிருந்தது. ஹமீட் கடற்படை முகாமுக்கும் அரசாங்கக் கந்தோருக்கும் நடந்து அனுமதி எடுத்த பிறகுதான் அவர்கள் திரும்பி வர முடிந்தது. வரைவில் டிலானி சொன்ன அந்த ஒழுங்கு அப்போதும் மேசையில் கிடந்தது.

பதிவு முடிந்ததும் இமெல்டா ஒரு சாக்குச் சிப்பியை வீட்டுக்கு எடுத்துவந்தாள். அறையில் பரப்பினாள். வெறுங்காலோடு அதன்மேல் நடக்கத் தொடங்கினாள்.

அந்தக் கரையில் ஒரு காலத்தில் ஒரு நகரமே கூடாரம் போட்டிருந்ததாம். தொண்டியிலிருந்தும் காயலிலிருந்தும் முத்தெடுக்க மூழ்க வந்த சுழியோடிகள், அரபுக்காரர், வணிகர், சாமியார்கள், தண்ணீர் விற்கிறவர்கள். அத்தனை பேருக்கும் இருந்தது இமெல்டாவின் இரண்டு கால்கள். ஈரச் சாக்கை முதுகில் சுமந்து, சுழியோடியாகக் கரையேறினாள். சுஜீவனின் சப்பாத்தைப் போட்டு, ஏலம் கூறுகிற வெள்ளைக்காரனாக நடந்தாள். சிரட்டையில் தண்ணீரோடு தளும்பித் தளும்பி நடந்தாள். ஒவ்வொரு நடையாகப் பதிந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். அழுகும் சிப்பிக் குவியலில் மொய்க்கும் இலையானின், அந்த ஈக்கூட்டத்தின், இரைச்சலுக்கு எங்கள் கருவாட்டு வாடிக்குப் போனாள். பகல் முழுக்க அங்கே அசையாமல் இருந்து வந்தவளைச் சுஜீவன் வாசலிலேயே மறித்து, "குளிச்சிட்டு வா" என்றான்.

காலடிகள் முடிந்தன. கடைசியாக ஒரு நடை மிச்சமிருந்தது. கரையில் நின்று கடலைப் பார்க்கிற ஒருத்தி. கணவன் கீழே போயிருக்கிறான். அவள் எப்படி நடப்பாள்? இமெல்டா அதற்காகப் பல தடவை நடந்து பார்த்தாள். ஒன்றும் சரிவரவில்லை. முடிவில் அவள் நடக்கவில்லை. ஒரே இடத்தில் நின்று, பாரத்தை ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாற்றினாள். சிப்பி ஒன்று மெல்ல நெரிந்தது. அதுதான்.

சுழியோடியின் மூச்சுக்கு ஆள் கிடைக்கவில்லை. சுஜீவன் புகைக்கிறவன், நெஞ்சு கரகரத்தது. "நான் வாறன்" என்று முன்வந்தார் ஹமீட். "எங்கட பரம்பரையில சுழியோடினவங்க இருக்கிறாங்க எண்டு சொல்லுவாங்க. மூச்சாவது இருக்குமா எண்டு பாப்பம்." அறைக்குள் நின்று, கண்ணை மூடி, நீளமாக ஒரு மூச்சை உள்ளே இழுத்து நிறுத்தினார். இமெல்டா அறையின் கண்ணாடிக்கு வெளியே, பதிவு ஓடுகிறது என்பதற்கு அடையாளமாகக் கையைத் தூக்கியபடி காத்திருந்தாள். அவர் முகம் சிவந்தது. நரம்பு எழும்பியது. பிறகு அது வெளியே வந்தபோது மூச்சோடு சேர்ந்து "யா அல்லாஹ்" என்ற சொல்லும் வந்துவிட்டது.

"அழிச்சிட்டுத் திரும்ப எடுப்பமா தங்கச்சி?" என்று கேட்டார்.

"இல்லை சேர். அது இருக்கட்டும்."

கண்காட்சி மன்னாரில் மழைக்கு முந்திய ஒரு மாதத்தில் திறந்தது. ஓர் இருண்ட கூடம். நுழைந்ததும் கடல் பொரியும். அதற்குள் நடந்து போகப் போகப் பொரிவு குறைந்து, கரையின் நடமாட்டம் கூடும். யாரும் தெரியாத இருட்டில் சுற்றிவர ஆயிரம் பேர் நடப்பார்கள். நான் போன அன்று பள்ளிப்பிள்ளைகள் வந்திருந்தார்கள். முதலில் கத்திக்கொண்டு ஓடினார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் காலடியை மெதுவாக்கினார்கள், அந்தக் கூட்டத்தில் தாங்களும் போவதைப்போல. கடைசி மூலையில் ஒரு மூச்சு உள்ளே போகும், வெகுநேரம் ஒன்றுமிராது, பிறகு வெளியே வரும். அந்த இடத்தில் ஹமீட் தன் வாப்பாவின் தம்பியோடு நின்றார். வயதான அந்த மனிதர் கேட்டுவிட்டுத் தலையில் துண்டைச் சரிசெய்து, "இது எங்கட ஆளுதான்" என்றார். ஹமீட் அது தன்னுடைய மூச்சு என்று சொல்லவில்லை.

லூசியாவும் வந்தார். காலடிகளுக்கு நடுவில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். இமெல்டா அதைத் தன் தொழிலுக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டாள்.

பிறகு நடந்தவற்றையும் சொல்லிவிட வேண்டும். கண்காட்சியைப் பார்த்துவிட்டுத் தென்னிலங்கையிலிருந்து ஒரு சிங்களப் படக்குழு வேலை கொடுத்தது. வேலை சேர்ந்தபிறகு அறையும் கேட்டுப் பெறலாமென்று ஹமீட் அலைந்தார். சிலாவத்துறையில் பூட்டிக் கிடந்த ஒரு பழைய கூட்டுறவுச் சங்கக்கடைக் கட்டடம் கிடைத்தது. கூரை ஒரு மூலையில் ஒழுகும். ஆனாலும் ஆடுகளை எழுப்பிவிட்டுச் சுஜீவன் சுவர்களுக்கு உள்ளே சுவர் அடித்தான். அங்கே அஸீபா கதை சொல்கிறாள், டிலானி படம் வெட்டுகிறாள், வீடியோக்காரர் கல்யாணப் பாட்டுப் பதிகிறார். கடற்கரையில் பதிவதற்கு இன்றைக்கும் ஒவ்வொரு தடவையும் அனுமதி கேட்டுத்தான் போக வேண்டும். றஞ்சிதம் ஓய்வுபெற்றுத் திருகோணமலைக்குப் போய்விட்டார். போகுமுன் ஒரு தடவை வந்து, அந்தச் சிப்பி ஒலிகளைக் கேட்டபிறகு, தன் உத்தியோக காலத்தில் எழுதிய வரிகளில் ஏதோ ஒன்றாவது நடந்ததைப் பார்த்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

சென்ற மாசியில் சிங்களப் படத்துக்காகப் பூநாரைகள் எழும்பும் சத்தம் தேவைப்பட்டது. குடையால் சமாளிக்க முடியாது, உண்மையான பறவைதான் வேண்டும் என்று இமெல்டா பிடிவாதமாக நின்றாள். வங்காலைக் களப்போரம் வாடகை வானை நிறுத்தி, அஸீபாவும் டிலானியும் அவளுமாகக் காலைவெயிலில் குந்தியிருந்தார்கள். ஆழமற்ற தண்ணீரில் இளஞ்சிவப்பாய் ஒரு முகில் நின்றது. அது கழுத்தை நிமிர்த்தியது, சிறகு விரித்தது, வாத்துக்கூட்டம்போலக் கத்திக்கொண்டு ஓடி எழும்பத் தொடங்கியது. சரியாக அந்த நேரத்தில் வான் சாரதி பெரிதாக ஒரு தும்மல் போட்டார்.

"ஆ!" என்று தலையில் கைவைத்தாள் டிலானி.

"பரவாயில்லை" என்றாள் இமெல்டா. "அதுகள் எங்க போகுதுகள், இரை தேடித் திரும்ப இங்கதான் இறங்குங்கள். இருப்பம்."

சாரதி வெட்கத்தோடு தேத்தண்ணிப் போத்தலை எடுத்துவந்தார். நாலு பேரும் ஊற்றிக் குடித்தார்கள். பறவைகள் வானத்தில் ஒரு பெரிய வட்டம் போட்டுக் கடல்பக்கம் சரிந்து, மீண்டும் உள்ளே திரும்பின. காற்று விழுந்திருந்தது. இமெல்டா கேட்பானைக் காதில் வைத்துக் கையைத் தூக்கினாள்.